கையுறையைக் கழற்றிய கை

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா இடுப்பைத் தவிர மற்றபடி நலம், அங்கே நீ உச்சி முதல் பாதம் வரை நலமா என்று உடனே எழுது. இருமல் நின்றதா, ஜன்னலோரம் இருந்த கட்டிலை நகர்த்திப் போட்டாயா?

இடுப்பு ஆபரேஷன் ஒன்றரை மாதம் தள்ளிப்போனதற்கு டாக்டரைத் திட்டி நீ அப்பாவுக்கு அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதப்போவதாக வேறு சொல்லியிருக்கிறாய். எழுதித் தொலைக்காதே. டாக்டருக்கு வெளியூர் வேலை வந்துவிட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னது பச்சைப் புளுகு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சொன்ன புளுகு. தள்ளிப்போனது என்னால்தான். போனில் சொன்னால் நீ ஏன் எப்படி என்று குறுக்கே குறுக்கே கேட்பாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. இடுப்பு எலும்புக்குள் வைக்கிற உலோகக் கம்பி எங்களிடம் மொழுமொழுவென்று வரும், மணல் அடித்துச் சொரசொரப்பாக்கி, கழுவி, பீங்கான் பொடியைத் தீச்சுடரில் உருக்கி மேலே பீய்ச்சுவோம். அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எலும்பு வளரும், பூச்சு உரிந்தால் கம்பி உள்ளே ஆடும், மறுபடி ஆபரேஷன்தான். கழுவியதற்கும் பூசுவதற்கும் நடுவில் வெறுங்கை படக் கூடாது, விரலில் இருக்கிற எண்ணெய்ப்பசையே போதும் பூச்சைக் கெடுக்க. கையுறை போடாதவர்களைப் பத்தொன்பது வருஷமாக வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருப்பவள் நான்.

போன மாதம் அப்பாவுக்கான கம்பி வந்தது. அவர் உயரத்துக்கு அந்த அளவு அபூர்வம், அவர் பேர் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டும் கூடவே இருந்தது. கழுவி வைத்துவிட்டுப் பார்த்தேன், இதுதானே இனிமேல் அந்த மனுஷனைத் தாங்கப்போகிறது என்று தோன்றியது, என்ன பைத்தியம் பிடித்ததோ, கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினேன். மறுபடி கழுவியிருக்கலாம், அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டார், போய்விட்டு வந்தால் கம்பி பூச்சு அறைக்குள் போய்விட்டது. கூடவே பூசிய சின்ன உலோகச் சோதனை வில்லையைப் பசை போட்டு ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள், பூச்சு அசையவில்லை, தேறியது என்று முத்திரை குத்தியாயிற்று. வில்லையை நான் தொடவில்லையே, அது தேறாமல் என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. படியேறும்போது அப்பா வலியில் முனகுவது சமையலறை வரை கேட்கிறது, சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், அதனால் இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன், உன்னிடம் பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். நீங்களாம்மா இப்படி என்று மட்டும் கேட்டார். கம்பியைச் சூடேற்றிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டார், என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சில்லு உரிந்து தொட்டியின் அடியில் போய்க் கிடந்தது. நினைத்துப் பார் சின்னு. இது அவர் உடம்புக்குள் போய் உரிந்திருந்தால்?

அந்த அளவில் வேறு கம்பி வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார், கல்யாணமாகி முப்பது வருஷத்துல ஆசையா ஒரு தடவை தடவியிருக்கே, அதுவும் என்னை இல்ல, கம்பியை என்றார். விளையாடாதீங்க, இன்னும் ஒன்றரை மாசம் நொண்டணுமே என்று அழுதேவிட்டேன்.

நேற்று புதுக் கம்பிக்குப் பூச்சு போட்டார்கள். என்னை அந்தப் பக்கமே விடாதீர்கள் என்று நானே கேட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை எல்லாச் சோதனையும் தேறியது. வீட்டுக்கு வந்து, கிட்டவே போகலைங்க என்று சொன்னேன். அவர் கையை நீட்டி, இனிமே ஆசை வந்தா என்னைத் தொடு, நான் ஒண்ணும் உரிஞ்சு போயிட மாட்டேன் என்றார்.

லீவை அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதிக்கு மாற்றிக்கொள், அன்றைக்குத்தான் ஆபரேஷன், மறக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. இன்னொன்று, நான் உண்மையை எழுதிவிட்டேன் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே. டாக்டரை அவர் முன்னால் இன்னும் இரண்டு திட்டு திட்டு. எனக்காகச் சொன்ன புளுகு, பலித்ததாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா