ஒன்பதாம் வாசல் நாற்காலிகள்

மார்ச் 3

இன்று முப்பது நாற்காலிகளைக் கழற்றினோம். அந்த இடத்தில் சென்ட் கடை வருகிறது. விமானம் வந்து போவதில் கிடைக்கும் கட்டணம் விளக்கு எரிக்கக்கூடக் காணாதாம். கடை வாடகைதான் இந்த விமான நிலையத்துக்கே சோறு போடுகிறதாம். சொன்னவர் வணிகப் பிரிவு மேலாளர். எங்களுக்குள் அவர் பெயர் சதுர அடி. பயணி உட்கார்ந்தால் நஷ்டம், நடந்தால் லாபம் என்பார். நல்லவேளை, கழிப்பறையில் இன்னும் உட்கார விடுகிறார்.

மார்ச் 6

19ஆம் தேதி அம்மா தம்பி வீட்டுக்குப் போகிறாள். மூட்டுவலி, ஐந்து நிமிடம் நிற்க முடியாது. சக்கர நாற்காலிக்குச் சொல்லவா என்றால், "நான் என்ன நோயாளியாடி?" என்று முறைக்கிறாள். அவள் விமானம் ஏறப்போகும் ஒன்பதாம் வாசலில் மிச்சம் நாலே நாற்காலி. அடுத்த வாரம் அதுவும் போய்விடும். இங்குள்ள நாற்காலிகளுக்கெல்லாம் பொறுப்பு நான். என்னைப் பெற்றவளுக்கு உட்கார இடமில்லை! வெட்கக்கேடு.

மார்ச் 9

நாற்காலி என்று எழுதினால்தானே பிடுங்குவார்? அந்த நாலையும் படிவத்தில் 'விளம்பர இடம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சதுர அடிக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 13

நாலு நாற்காலியின் முதுகிலும் இருக்கையிலும் விளம்பரம் ஒட்டியாயிற்று. மூட்டுவலித் தைலம். அம்மாவுக்கென்றே அமைந்த மாதிரி.

மார்ச் 18

தைலக் கம்பெனியிலிருந்து புகார். ஆட்கள் உட்கார்ந்தால் விளம்பரம் மறைகிறதாம். நாலையும் சுற்றிக் கயிறு கட்டிக் காவலுக்கு ஆள் போடச் சொல்லிவிட்டார் சதுர அடி. சார், அது மனுஷன் உட்கார்ற இடம் என்று மன்றாடினேன்.

"விளம்பர இடம்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?"

உத்தரவில் கையெழுத்தும் நானே போட வேண்டுமாம். போட்டேன். வேலை வேண்டுமே... சீ, என்ன பிழைப்பு இது.

இதில், நாளை தலைமை அலுவலகத்தில் எனக்குப் பரிசு வேறு. நாற்காலியை விளம்பர இடமாக்கியதுதான் இந்த ஆண்டின் சிறந்த வருமான யோசனையாம். போகாமல் இருக்கவும் முடியாது.

மார்ச் 19

மேடையில் மெத்தை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் அம்மாவின் போன். விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாம்.

"நாலு நாற்காலி சும்மாத்தான் கெடக்கு. உக்காரப் போனா விடமாட்டேங்கறாங்கடி."

காவலாளியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"கயித்த அவுத்தா என் வேலை போயிடும் மேடம். உத்தரவுல உங்க கையெழுத்துதானே இருக்கு?" என்றார், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி உரக்க.

போன் அம்மா கைக்குத் திரும்பியது.

"சரிடி. நான் நின்னுக்கறேன்."

மேடையில் என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.