ஒரு டியூப் களிம்பு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றும் ஐந்து நிமிடம்தான் ஐ.சி.யூவுக்குள் விட்டார்கள். காவலூர் மலைப்பாதையில் பைக்கோடு விழுந்ததிலிருந்து இவருக்கு மயக்க மருந்து ஓடுகிறது. மூச்சை மெஷின் பார்த்துக்கொள்கிறது. வலது கண் பாதி திறந்தே கிடக்கிறது, ஓரமெல்லாம் சிவப்பு.

"சிஸ்டர், கண்ணு மூடலயே?"

"மயக்கத்துல அப்டிதாம்மா இருக்கும். மொதல்ல உயிர் பொழைக்கட்டும்."

ஆகஸ்ட் 8

சிஸ்டரிடம் மறுபடி கேட்டேன். "நீ இன்னா டாக்டரா?" என்றாள்.

ஆகஸ்ட் 14

தொண்டையிலிருந்த மூச்சு டியூபை எடுத்துவிட்டார்கள். "நீலா" என்று கூப்பிட்டார். அழுதேன். அப்புறம் சொன்னார்: "இன்னாடி, ஒரே பொகையா கீது? கண்ணு எரியுது."

ஆகஸ்ட் 16

கண் டாக்டரம்மா வந்து பார்த்தார். வலது கருவிழி காய்ந்து, புண்ணாகி, சீழ் பிடித்துவிட்டதாம். ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்குமாம்.

மயக்கத்தில் கண் தானாகச் சிமிட்டாது. இமையை மூடிவிட்டு, அவ்வப்போது களிம்பு போட்டு வந்திருந்தால் போதுமாம். போதுமாம்! இவர் வேன் டிரைவர். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

பெரிய டாக்டரிடம் சொன்னேன். "உயிரோட குடுத்திருக்கோம். சந்தோஷப்படுங்க" என்றார்.

ஆகஸ்ட் 17

பக்கத்துக் கட்டிலில் வாணியம்பாடி ஃபக்ருன்னிசா அக்காவின் மகன் தாரிக். அவனுக்கும் மெஷின். அவன் கண்ணும் திறந்துதான் கிடந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, களிம்பு போடுற வரைக்கும் நகராதீங்க. என்னை மாதிரி வாய மூடினு போய்டாதீங்க."

இரண்டு பேரும் சிஸ்டர் முன்னால் போய் நின்றோம். நான் கத்தினேன். செக்யூரிட்டி வந்தான். நகரவில்லை. கடைசியில் அதே சிஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டாள். இமையை மூடி, களிம்பு தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். இவ்வளவுதானா? இந்தச் சின்ன வேலையைச் செய்யாததாலா இவர் கண் போனது?

செப்டம்பர் 20

வீட்டுக்கு வந்தபின் இன்றுதான் முதல்முறையாக வேனை ரிவர்ஸ் எடுத்தார். சுவரில் இடித்தது. இறங்கி, சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "தல தப்பிச்சுதே, அதுவே போதும்" என்கிறார்கள். அவர்களுக்குப் போதும்.

அக்டோபர் 11

ஃபக்ருன்னிசா அக்கா போன் செய்தார். "நீலாம்மா, தாரிக் வூட்டுக்கு வந்துட்டான். கண்ணு ரெண்டும் நல்லா இருக்காம். எல்லாம் உன்னாலதான்."

"நல்லதுக்கா" என்றேன். நல்லதுதான். அந்தப் பையன் யாருக்கு என்ன செய்தான்? ஆனாலும் வயிறு எரிந்தது. என்ன மனுஷி நான்?

இவர் இடது கண்ணால் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்பிக் கேட்டார்: "யாரு போன்ல?"

"ராங் நம்பர்" என்றேன்.