பெட்டியைத் தெரியாது என்று சொன்ன அப்பா

பதுளை,
26.10.2008

அன்புள்ள மகள் நிவேதிகாவுக்கு,

அப்பாவும் நானும் சுகம். உன் சுகத்தை, தொலைபேசியில் நீ சொல்லும் "ஓம் அம்மா, நல்லா இருக்கிறன்" என்பதைவிடக் கொஞ்சம் விரிவாக எழுதினால் நம்புவேன். இங்கே மழை தொடங்கிவிட்டது, ஸ்பிரிங்வெளி பஸ் தனக்கு விருப்பமான நேரத்தில் வருகிறது.

மெல்பேர்னிலிருந்து நீ அனுப்பிய பாதுகாப்பு மென்பொருளை அப்பா நல்ல நேரம் பார்த்து, சாம்பிராணி காட்டி, தன் போட்டோ ஸ்டூடியோக் கம்ப்யூட்டரில் போட்டார். அன்றிலிருந்து அது மிகவும் விழிப்பாக இருக்கிறது. வைரஸ் எதையும் பிடித்ததாகத் தெரியவில்லை, பிடித்தது நமது பழைய ஸ்டோரேஜ் பெட்டியைத்தான். நீ கொழும்பில் படிக்கும்போது வாங்கிவந்து வயர் இழுத்துப் பூட்டியதே, கலியாணப் படங்கள் எல்லாம் கிடக்கிற அதே பெட்டி. பச்சை விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. தனுஜா வராமல் இருந்திருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்போம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பாக்கியலெட்சுமியின் மகள், என்னிடம் விஞ்ஞானம் படித்தவள். ஆவணியில் கலியாணம், மாப்பிள்ளை சதீஸ்குமாருக்கு இத்தாலியில் ஹோட்டல் வேலை, தாலி கட்டிய கிழமையே லீவு முடிந்து போய்விட்டான். வியாழக்கிழமை கொழும்புத் தூதரகத்தில் இவளுக்கு விசா நேர்முகம், கலியாணம் உண்மை என்று காட்ட அல்பம் வேண்டும், அப்பா எடுத்த படங்களோ பெட்டிக்குள். "டீச்சர், படம் இல்லாம போனா பொய்க் கல்யாணம்னு தொரத்திருவாங்க, அப்புறம் எப்ப கூப்பிடுவாங்களோ" என்று நின்றாள். பாக்கியலெட்சுமி, "ஊரே வந்து சோறு தின்னிச்சு, அவங்கள லொறியில ஏத்திட்டுப் போனா நம்ப மாட்டாங்களாங்க?" என்று கேட்டாள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அப்பா கம்ப்யூட்டர் கடை அஸீஸைக் கூப்பிட்டார். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இது பேசுற பாஷை இப்ப உள்ள சொப்ட்வெயாருக்கு வெளங்காது சேர், புதுசு ஒன்னு எடுத்துருங்க" என்றார். புதுப் பெட்டிக்குள் தனுஜாவின் கலியாணம் எப்படி இருக்கும் என்று கேட்டேன், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். மென்பொருள்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்தால் நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒருவர் வந்து கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அதை அப்பா ஏற்கனவே போதிய அளவு செய்திருந்தார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் மென்பொருளைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன், பெட்டி தெரிந்தது. திரும்ப இயக்கினேன், மறைந்தது. ஆக, பெட்டி நிரபராதி. மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால், தடுக்கப்பட்டவை என்ற இடத்தில் ஒரேயொரு இலக்கம், பெட்டியின் அடியில் நீ எழுதி ஒட்டிய அதே இலக்கம். யார் தடுத்தது என்று கேட்டதும் அப்பா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். போட்ட அன்றே அது கேட்டதாம், இந்த இலக்கத்தில் இருப்பதை உங்களுக்குத் தெரியுமா, நம்புகிறீர்களா என்று. "தெரியாது எண்டு குடுத்தனான். எப்பவும் இப்பிடியே செய்யவோ எண்டு கேட்டது, அதுக்கும் ஓம் எண்டிட்டன்." ஏனப்பா என்றேன். "இந்த நாட்டில ஆரையும் தெரியுமோ எண்டு கேட்டால், ஆரப்பா தெரியும் எண்டு சொல்லுறது?" என்றார். நான் மறுக்கவில்லை. ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஏறிக் கேட்கும்போது நானும் அதைத்தான் சொல்கிறேன். மென்பொருளைச் செய்தவர்கள் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். இலக்கத்தை நம்பிக்கையானவைக்குள் மாற்றினேன், அப்பா விடிய எழும்பி அல்பத்தை முடித்தார்.

தூதரகத்தில் அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, ஓரத்தில் அழுகிறவர் யார் என்று கேட்டாராம். "எங்கம்மாங்க, நான் போயிருவேன்னு அப்பவே அழுதிச்சு" என்றிருக்கிறாள் தனுஜா. மிச்சப் பக்கங்களை அவர் பார்க்கவே இல்லை. விசா தருவதாகச் சொல்லிவிட்டார்கள். நேற்றுப் பாக்கியலெட்சுமி ஸ்டூடியோவுக்கு வந்தாள். மகள் தனியாக நிற்கிற படம் ஒன்று வேண்டுமாம். "அவங்க ரெண்டு பேரும் அங்க ஒண்ணா இருப்பாங்க, எனக்கு இவ மட்டும் போதுங்க" என்றாள். அப்பா தேடிப் பெரிதாக எடுத்துக் கொடுத்தார், சேலைக்குள் மறைத்து மழையில் கொண்டுபோனாள். அவள் போன பிறகு நான் உன் படத்தைத் தேடினேன். ஊரார் வீட்டுக் கலியாணமெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறது, நீ மட்டும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்றுவிட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையுமில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் இரு என்று இருவரும் வாழ்த்துகிறோம். இப்போதைய படம் ஒன்று மறக்காமல் அனுப்பு, ஈமெயிலில் வேண்டாம், தாளில். சிரிக்கத் தேவையில்லை, முகம் தெரிந்தால் போதும்.

உன் அம்மா,
கமலாம்பிகை