வயிற்றில் கட்டிய அரிசி

அக்கா,

இன்று காலை அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. கஞ்சி சிந்திக் கருகிய வாடை வீடெங்கும் பரவியதும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்திலிருந்து கத்தினாள்.

"அம்மா, அந்தச் சோத்த மூடுங்கலா! வாடையே எனக்கு ஆகல. ரொட்டி இருந்தா போதும்."

கரண்டியும் கையுமாக நின்று சிரித்துவிட்டேன். அவளுக்குச் சோறு ஆகாதாம்! அவள் என் வயிற்றில் இருந்தபோது இந்தச் சோற்றுக்காக நீங்கள் செய்த காரியத்தைச் சொன்னால் நம்பவா போகிறாள்? அதனால்தான் உங்களிடமே பேசுகிறேன். வருகிற மாசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். ஜார்ஜ் டவுனில் ஒரே வாடகை வீட்டின் முன்னறையில் நான். பின்னறையில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும். என் கணவரை ஈப்போவுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எப்போதாவதுதான் வருவார். ஆகவே வயிறு என்னிடம் இருந்ததே தவிர, அதன் நிர்வாகம் முழுக்க உங்களிடம் இருந்தது.

அடுத்த தெரு நர்ஸம்மா என்னிடம்தான் சொன்னார்: தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும். கேட்டுக்கொண்டது நீங்கள். வீட்டில் இருந்த ஒரே தலையணையை உங்கள் வீட்டுக்காரரின் தலைக்கடியிலிருந்து உருவி என் கால்களுக்கடியில் வைத்தீர்கள். பாவம், அவர் முனகினார்.

"அவளுக்குக் காலு வீங்கியிருக்கு. உங்களுக்கு என்ன வீங்கியிருக்கு?" என்று கேட்டீர்கள். மனிதர் அதற்குப் பிறகு வேட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

நடக்க வைத்தீர்கள். பாரம் தூக்க விடவில்லை. நன்றாகச் சாப்பிட வைப்பதுதான் உங்களால் முடியவில்லை. காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிப் புட்டு, இரவு மரவள்ளி அடை. பங்கீட்டில் கிடைத்த கொஞ்ச அரிசியில் சுண்ணாம்பு வாடை. ஏழாம் மாதத்தில் ஒருநாள் கிழங்குத் தட்டைத் தள்ளிவைத்து, நல்ல அரிசிக் கஞ்சி வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. என் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கரையில பாகான் டாலாம்ல எங்க சித்தப்பா வீட்டுல நெல்லு இருக்கு, புள்ள. குத்திக் கொண்டாந்துருவோம்."

"ஃபெரில எப்படிக்கா கொண்டாறது? துறையில ஜப்பான்காரன் நிக்கிறான். அரிசியோட பிடிச்சா அடிச்சே கொன்னுருவான்லா!"

"உன் வயித்த எவனாவது பிரிச்சுப் பாக்குறானா? எனக்கும் ஒரு வயிறு வந்தா என்ன?"

அன்றிலிருந்து என் பின்னாலேயே நடந்து பழகினீர்கள். நான் இடுப்பில் கை வைத்தால் நீங்களும் வைப்பீர்கள். நான் பெருமூச்சு விட்டால் நீங்கள் இரண்டாய் விடுவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நான் ஒன்னும் பாக்கல" என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீயும் வா. உண்மை வயிறு பக்கத்துல இருந்தாத்தான் பொய் வயித்த நம்புவான்" என்றீர்கள். நானும் கிளம்பினேன். கஞ்சி ஆசை அப்படி.

சித்தப்பா வீட்டில் அரிசியைத் துணிப்பையில் கொட்டித் தைத்து, உங்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டினோம். கட்டி முடித்துச் சேலையை இழுத்துவிட்டதும் எனக்கே பொறாமையாக இருந்தது. பத்து மாதம் நிறைந்த மகாலட்சுமி மாதிரி இருந்தீர்கள். கிழங்கு தின்ற என் வயிறு அதன் முன்னால் எங்கே நிற்கும்?

அதுதான் வினையாகிப் போனது. இந்தக் கரையில் இறங்கியதும் இருவரும் ஜப்பான்காரனைக் குனிந்து வணங்கினோம். உங்களால் பாதிதான் குனிய முடிந்தது. அந்தச் சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் உங்கள் வயிற்றைப் பார்த்தான். முகம் இளகியது. தன் முக்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினான். நீங்களும் மகாராணி மாதிரி உட்கார்ந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினான். முகம் சுருங்கியது.

"இனி ஆப்பா?" என்று மலாயில் அதட்டினான். இது என்ன என்கிறான்.

"அனாக்" என்றேன். பிள்ளை என்கிறேன்.

அவன் நம்பவில்லை. விரலை நீட்டி என் வயிற்றில் ஒரு குத்து குத்தினான். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த நொடி உள்ளேயிருந்து என் மகள் விட்டாள் ஒரு உதை! அவன் விரலை நெருப்பில் வைத்தவன்போல் இழுத்துக்கொண்டு பின்னால் துள்ளினான். துப்பாக்கி தோளிலிருந்து சரிந்தது. நாடே நடுங்கிய அந்தப் படையை நம் வீட்டில் எதிர்த்து உதைத்தவள் அவள் ஒருத்திதான்.

மூச்சு விட்டு நிமிர்கிறேன், உங்கள் காலடியில் இரண்டு புறாக்கள். மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன. தையல் விட்டுப்போய், சேலைக்கடியிலிருந்து அரிசி ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் கண்ணைக் காட்டினேன். நீங்கள் கீழே பார்த்தீர்கள்; புறாவைப் பார்த்தீர்கள்; சிப்பாயைப் பார்த்தீர்கள். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துறையே அதிர, "ஐயோ, அம்மா! வலிக்குதே!" என்று அலறினீர்கள். புறாக்கள் பறந்தன. ஒரு உதையிலேயே ஆடிப்போயிருந்த பையன், தன் முக்காலியிலேயே பிரசவம் ஆகிவிடும் என்று பயந்துவிட்டான். ஓடிப்போய் ஒரு சீனக் கிழவரின் ரிக்‌ஷாவை மறித்து, நம் இருவரையும் அதில் ஏற்றித் தானே பின்னாலிருந்து தள்ளியும் விட்டான்.

கிழவர் ஓட்டமாய் ஓட்டினார். மூலை திரும்பியதும் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தார். உங்கள் வயிறு கால் பலகையில் சலசலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"அனாக் சுடா கெலுவார்?" என்றார். பிள்ளை பிறந்தாச்சா என்று கேட்ட அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. தொப்பியைக் கழற்றி நீட்டினார். நீங்கள் இரண்டு கை அள்ளிப் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பானையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பையில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. நீங்கள் என் பாயில் சாய்ந்திருந்தீர்கள்.

"அவுத்துருவோமாக்கா?"

"இரு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

உங்களுக்கு அப்போது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. நீங்கள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த மத்தியானம் கிழிந்த பக்கத்தைக் கையால் பொத்தியபடி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் பானையைக் கீழே வைத்துவிட்டு, தலையணையை எடுத்து உங்கள் கால்களுக்கடியில் வைத்தேன். வெடித்துப்போயிருந்த உங்கள் பாதங்களை மடியில் இழுத்துப் பிடித்துவிட்டேன்.

"நல்லா இருக்கு, புள்ள" என்றீர்கள்.

பிறகு நீங்களாகவே எழுந்து முடிச்சை அவிழ்த்தீர்கள். கஞ்சி வைத்தீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

என்னை நீங்கள் சுமந்த மாதங்களுக்கு நான் திருப்பிச் செய்தது அந்த அரை மணி நேரம்தான் அக்கா. இன்றைக்கும் யாருடைய காலைப் பிடித்துவிட்டாலும், அந்த வெடிப்புகள்தான் முதலில் என் விரல்களுக்குத் தட்டுப்படுகின்றன.