வெள்ளிக்குக் கில்பிராக், ஞாயிறுக்கு லீட்ரிம்

கில்பிராக்,
மே மாதம், வியாழன் மதியம்

அன்பு மகள் சோர்ச்சாவுக்கு,

அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவைத் தவிர. அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கடிதம். இப்போது மேல் வயலுக்கு மாடு பார்க்கப் போயிருக்கிறார்.

சாம்பல் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மழை விட்டபாடில்லை. போன ஞாயிறு பங்குச்சாமியார் பிரசங்கமே இல்லாமல் பூசையை முடித்துவிட்டார். ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நேரத்தோடு கிளம்பட்டும் என்றுதான். இவ்வளவு நல்ல பிரசங்கம் இதுவரை செய்ததில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த ஆட்டத்தில் உன் தம்பி ரோரி ஆடவில்லை. மறுபடி வாசிக்காதே, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை நம் ஊர் கிளப்புக்கும் பக்கத்து ஊர் டிரம்லானுக்கும் கேலிக் கால்பந்து ஆட்டம். தோற்கிறவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நம் லீட்ரிம் மாவட்டத்துக்கும் ஸ்லைகோவுக்கும் ஆட்டம். இந்த வாரம் எவனாவது தன் ஊருக்கு ஆடினால் ஞாயிற்றுக்கிழமை என் பக்கம் வரவேண்டாம் என்று மாவட்டப் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். நம் ஊர் அணிக்குப் பயிற்சியாளர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்ட அன்று உன் அப்பா கதவைச் சாத்திய சத்தத்தில் கோழிகள் வேலி தாண்டி ஓடின.

சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தார். "மாவட்டச் சட்டைய இன்னைக்குக் குடுப்பாங்க, நாளைக்குப் புடுங்கிக்குவாங்க. நம்ம ஊரு சட்டை அப்படியாடா? அது பொறந்தப்பவே போட்டது."

"அப்பா, லீட்ரிமுக்கு ஆடணும்னு சின்ன வயசுலேர்ந்து நான் ஆசப்பட்டது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்குப் பந்து புடிக்கக் கத்துக்குடுத்தது யாருன்னும் தெரியும்."

அதற்குப் பிறகு ரோரி தட்டில் இருந்ததைத் தொடவில்லை. இவர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார், கோபத்தில்.

மறுநாள் மாலை வாசலில் ஆள் சத்தம். பார்த்தால் ஃபின்டன். டிரம்லான் தடுப்பு ஆட்டக்காரன் என்று உனக்கு நான் அறிமுகம் செய்தால் சிரிப்பாய். முன்பு நம் இரண்டு ஊருக்கும் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் அவன் மோதி ரோரிக்குக் காறை எலும்பு முறிந்ததிலிருந்து உன் அப்பா அவன் பேரைச் சொன்னதில்லை, 'கசாப்புக்காரன்'தான். அவன் நம் வாசலை மிதித்ததும் இல்லை, உன்னைப் பார்க்கக்கூட. நீ அவ்வளவு தூரம் பெர்த்துக்குப் போனது வேலைக்காகத்தான் என்று கேட்கிறவர்களிடம் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

வாசற்படியிலேயே நின்று உன் அப்பாவிடம் பேசினான். "நாளைக்கு நான் டிரம்லானுக்கு ஆடல, மாலக்கி. நீங்களும் ரோரிய விட்டுருங்க. ரெண்டு பக்கமும் ஒரு ஆள் குறைஞ்சா சரியாப்போயிடும். ஞாயித்துக்கிழம லீட்ரிமுக்கு நாங்க ரெண்டு பேரும் வேணும்."

"டிரம்லான்காரனுக்குக் கில்பிராக் மேல என்னடா திடீர்னு அக்கறை? உன் தந்திரத்த உங்க ஊரோட வச்சுக்க."

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "தந்திரம் இல்ல. நீங்க என்ன செஞ்சாலும் நான் ஆடப்போறதில்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் வற்புறுத்தி உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தேன். அவன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் படம் மாட்டியிருக்கும் சுவரை விட்டுவிட்டு மற்ற எல்லாச் சுவர்களையும் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை ரோரி நம் ஊருக்கு ஆடினான். முடியாது என்று சொல்லத்தான் இருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஃபின்டன் சொன்னபடியே கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பி வேலிக்கு வெளியே நின்றான். அவன் ஊர்க்காரர்கள் விடுவார்களா? "தொர மாவட்டத்து ஆளு ஆயிட்டாரு, நம்மள எல்லாம் கண்ணு தெரியுமா?" என்று அவன் சொந்தச் சித்தப்பாவே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் இல்லாததால் ரோரியைப் பிடிக்க அங்கே ஆளே இல்லை. கடைசியில் ரோரி உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்ப் புள்ளி ஆனது. அந்த ஒரே புள்ளியில் ஜெயித்தோம். டிரம்லான் இறங்கிவிட்டது.

நம் ஆட்கள் ரோரியைத் தோளில் தூக்கினார்கள். உன் அப்பா எல்லோரிடமும் கைகுலுக்கினார்.

மறுநாள் காலை மாவட்டப் பயிற்சியாளர் போன் செய்து ரோரியை நீக்கிவிட்டதாகச் சொன்னார். ரோரி கோபப்படவில்லை. "என் காலுதானேப்பா, நான்தானே ஒதச்சேன்" என்றான். அவன் கத்தியிருந்தால் உன் அப்பாவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆட்டம் பார்க்கக் கேரிக் மைதானத்துக்குப் போனோம். எங்களுக்கு நடுவில் ரோரி பூசைக்குப் போட்ட கோட்டோடு உட்கார்ந்திருந்தான். முடியப்போகும் நேரம், நாம் ஒரு புள்ளி முன்னால். ஸ்லைகோக்காரன் ஒருவன் எல்லோரையும் தாண்டிக் கம்பத்துக்கு நேராக வந்து உதைக்கக் காலை ஓங்கினான். ஃபின்டன் அந்தக் காலடியிலேயே பாய்ந்து விழுந்து பந்தைக் கையால் தடுத்தான்.

பார்த்தால் உன் அப்பா பெஞ்சின் மேல் நிற்கிறார்! "அப்படிப் போடுடா என் ராசா! ஃபின்டன்!"

பின்னால் இருந்த டிரம்லான் பெண் விடவில்லை. "என்ன மாலக்கி, உங்க கசாப்புக்காரனா?"

"ஆமா, எங்க கசாப்புக்காரன்தான். உனக்கென்ன?"

ஊதல் ஊதியதும் சனம் மைதானத்துக்குள் இறங்கியது. உன் அப்பாவும் முழங்கால் வலியை மறந்து இறங்கினார். நேரே ஃபின்டனிடம் போய், "வெள்ளிக்கிழம நீ ஆடியிருந்தா நாங்க தோத்திருப்போம்" என்றார்.

"ஆமா" என்றான் அவன். அடக்கம் என்பது டிரம்லானில் கிடையாது. உன் அப்பா சிரித்துவிட்டார். அவன் தோளில் கை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கிளப் கூட்டத்தில் எழுந்து, டிரம்லானோடு அந்த ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்றார். ஒரே கூச்சல். "உனக்கென்ன வெயில்ல மூளை உருகிடுச்சா? நம்ம ஊருல வெயிலே கிடையாதேய்யா!" என்று நம் கிளப் ஆள் பேக்கி கத்தினானாம். ஜெயித்தவன் மறு ஆட்டம் கேட்டு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறாயா? ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இத்தனை வருஷம் நம்மை விட அந்த அணியைத்தான் அதிகம் பார்த்தவர், இப்போது நான் உருளைக்கிழங்கு உரிப்பதற்குப் பயிற்சி கொடுக்கிறார்.

இந்தச் செய்தி டிரம்லானுக்குப் போயிருக்கிறது. ஃபின்டனின் சித்தப்பா இப்போது அவனோடு பேசுகிறாராம். நேற்று மாவட்டத்திலிருந்து ரோரியை மறுபடி பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் சும்மா ஊரைச் சுற்றி வந்தான்.

வரும் ஞாயிறு ஃபின்டனை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறோம். அழைத்தது நானில்லை.

இன்று காலை உன் அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "பெர்த்துல கோடைக்கு லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டார். இங்கே கோடை என்றால் அங்கே குளிர்காலம் என்றேன். "அப்ப குளிருக்குக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

நான் யாருக்காகவும் கேட்கவில்லை சோர்ச்சா. அம்மாவாகத்தான் கேட்கிறேன், ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அதன் பிறகு போவதும் இருப்பதும் உன் இஷ்டம். கடவுள் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்ச நாளைக்கு அந்த வேலையை எங்களிடமும் கொடுக்கட்டும்.

மாறாத அன்புடன்,
அம்மா டெர்வ்லா