கறுப்பு பிலிமில் ஒரு பெருவிரல்

உன் மகள் நேற்று திருப்பதிக்கு வந்து, நீ சாகும்வரை வைத்திருந்த பழைய பிலிம் ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள். உறையைப் பிரித்ததும் பழைய பிலிம் கெட்டால் வரும் காடி வாடை. வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பின் நடுவே தெளிவான ஒரு வட்டம். நம் நட்பு முறிந்தது இப்படி ஒரு வட்டத்தால்தான்.

அப்போது நீ சித்தூரில் மலம் சோதிப்பவன். நான் இங்கே மொட்டைத் தலைகளைப் படமெடுப்பவன். உன் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பூச்சிகளை நானாகக் கற்றுக்கொண்டவன்.

"இந்த அமீபா சதையைக் கரைச்சிக்கினுதான் குடல்ல பூருது. அதுங்கிட்ட ஏதோ என்சைம் கீதுபா," என்றாய். பிலிமின் மேல்பூச்சும் சதை போன்ற பொருள்தான், அதையும் கரைக்க வேண்டும் என்றாய். வெளிச்சம் காட்டிக் கழுவிய கறுப்பு பிலிமை உன் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். நோயாளியின் மலத்தில் ஒரு சொட்டு, நோயில்லாதவன் மலத்தில் ஒரு சொட்டு. கழுவியதும் முதல் சொட்டின் இடத்தில் மட்டும் கறுப்பு போய்விட்டது. நீ குதித்தாய்.

நான் குதிக்கவில்லை. காலையில் கறி வேக, பப்பாளிக்காய் அரிந்துவிட்டு வந்தவன் நீ. அந்தக் காயின் பாலும் பிலிமின் பூச்சைக் கரைக்கும். முதல் சொட்டு வைக்கையில் உன் பெருவிரல் பிலிமில் பட்டதை நான் பார்த்தேன்.

"கையக் கழுவினியா?"

"ஆந்திராக்காரன நம்பமாட்ட, மெட்ராஸ்காரன நம்பமாட்ட, சரி. பீயில கீற பூச்சியக்கூடவா நம்பமாட்ட?"

"பூச்சிய நம்புறேன். உன் கையத்தான் நம்பல."

நீ நுண்ணோக்கிக்கு உறை போட்டாய். ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை எங்கே விழும் என்று ஊரே ஒருவரையொருவர் உளவு பார்த்த காலம். டீக்கடையில் எந்த மொழியில் டீ கேட்கிறான் என்றுகூடக் காது கொடுத்தார்கள். திருத்தணிப் பக்கத்து உன் ஊர் மெட்ராஸோடு போயிற்று, நீயும் போனாய். பிறகு பேச்சில்லை.

அமீபாவிடம் அத்தகைய நொதிகள் உண்டென்று பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். அது அமீபாவுக்குச் சாட்சி. உன் விரலுக்கு அல்ல.

நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: இது என் பிலிம் இல்லை. என்னுடையதில் மூலையை வெட்டியிருப்பேன். இது நீ தனியாக மறுபடி செய்தது. வட்டத்துக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்போடு உன் பெருவிரல் தடம். அதன் கீழே கறுப்பு அப்படியே இருக்கிறது, கரையவில்லை.

அந்தத் தடத்தை எனக்காகத்தான் வைத்திருக்கிறாய். தெரிகிறது.

ஆனால் அந்த விரலை வைத்தது பப்பாளி அரிந்த கையோடா, கழுவிய கையோடா? பால் பட்ட கை என்றால் நீ சொன்னது சரி; கழுவிய கை என்றால் இது எதையும் நிரூபிக்காது. அதைச் சொல்லாமல் போய்விட்டாய். பிலிமை என் மேசை விளக்கின் அருகில் வைத்திருக்கிறேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.