அனிதா பஸ் ஏறிவிட்டாள், மேடம்

குருபரப்பள்ளி,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய மணிமேகலை மேடம் அவர்களுக்கு,

அனிதாவின் அம்மா ருக்மணி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாற்றலாகிப் போன மதுரையில் வீடு, தண்ணீர் எல்லாம் சரியாக அமைந்ததா? ஓசூர்க் குளிர் பழகிய உடம்பு, அந்த வெயிலில் பார்த்து நடமாடுங்கள்.

முதலில் நல்ல சேதி. திங்கட்கிழமையிலிருந்து அனிதா கம்பெனி பஸ்ஸிலேயே வேலைக்குப் போகிறாள். அவள் அப்பா பஸ் கண்ணுக்கு மறையும்வரை ரோட்டில் நின்றார். பிறகு தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போகிறேன் என்று போனவர், மோட்டார் போடாமலே உட்கார்ந்திருந்தார். கேட்டால் கரண்ட் இல்லையாம். கரண்ட் இருந்தது மேடம், மனுஷன் அழுதிருக்கிறார். போனில் சொன்னால் நானும் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஆடியில் அந்த பஸ் லாரியில் மோதி, பக்கத்தில் இருந்த நிர்மலா போய்ச் சேர்ந்தாள். எங்கள் பெண் கீறலோடு வந்தாள். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பயந்த இடத்து மண்ணை எடுத்துத் தலையைச் சுற்றிப் போட்டால் சரியாகும் என்று என் தம்பி கங்கப்பன் அவளை வேனில் ஏற்றி, விபத்து நடந்த இடத்துக்கே இழுத்துப் போனான். அங்கேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு பேச்சும் நின்றுபோனது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனைக்கு உங்களிடம் வந்த அன்று கங்கப்பன் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தான். படித்தவர்கள் திட்டுவார்கள், பதிலுக்குக் கொடுக்கலாம் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். நீங்களோ அந்த மண்ணை என்ன செய்வீர்கள் என்று அவனிடமே பொறுமையாகக் கேட்டீர்கள். பயந்த இடத்துக்குத் திரும்பப் போவது நல்ல வழக்கம்தான், ஆனால் எப்போது போவது என்று பயந்தவள்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள். இப்போது அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எனக்குத்தான் உங்கள் மேல் எரிச்சல். வாரா வாரம் வருகிறோம், விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, இது என்ன வைத்தியம் என்று. காலைத் தரையில் அழுத்து, கண்ணுக்குத் தெரிவதைச் சொல், முடியாவிட்டால் கையைத் தூக்கு, நிறுத்திவிடலாம், அவ்வளவுதான். கை தூக்கியபோது நீங்கள் நிஜமாகவே நிறுத்தினீர்களாம். அதைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தேன் என்கிறாள். கம்பெனி பஸ் டிரைவர் தமிழரசன் டீ குடிக்கிற நேரத்தில், நின்ற பஸ்ஸில் அவளோடு நீங்களும் ஏறி உட்கார்ந்திருந்தீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உன் தப்பு இல்லை என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவள் காதில் ஏறவே இல்லை. நீங்கள் மட்டும் நிர்மலா எப்படிப்பட்ட பெண் என்று கேட்டீர்கள். அன்று சிரிப்பும் அழுகையுமாக வந்தவள் என்னிடமும் சொன்னாள். நிர்மலா தலைவலி என்றதால், தான் உட்கார்ந்திருந்த ஜன்னல் ஓர இடத்தை அவளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். அதை நிர்மலாவின் அம்மா ஜோதியம்மாளிடம் சொல்லாமல் பஸ் ஏற முடியாது என்றாள். எந்த நாள் போவது என்று அவளே குறிக்கட்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள். போன ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள்.

ஜோதியம்மாள் வீடு காலனியில். எங்கள் தெருவிலிருந்து காலனிக்குப் போய் யார் வீட்டிலும் யாரும் உட்கார்ந்ததில்லை. ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கங்கப்பன் வேண்டாம் என்றான். தனியாகப் போகிறேன் என்று அனிதா கிளம்பிவிட்டாள். நானும் செருப்பை மாட்டினேன்.

அனிதா எல்லாம் சொன்னாள். ஜோதியம்மாள் கேட்டார்: "ஜன்னலோரமா உக்காந்துதான் போனாளா கண்ணு? கூட்டத்துல நின்னுக்கிட்டே போனாளோன்னு நெனச்சு நெனச்சு செத்துட்டிருந்தேன்."

தூங்கிக்கொண்டு போனாள் அத்தை, என் கையைப் பிடித்திருந்தாள் என்றாள் அனிதா. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் கொடுத்த காபியை நான் குடித்தேன். தம்ளரைக் கழுவ எழுந்தவரை உட்கார வைத்து நானே கழுவினேன்.

மறுநாள்தான் பஸ் ஏறினாள். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

ஒன்று கேட்க வேண்டும் மேடம். பஸ் திரும்பும் நேரத்துக்கு ஜோதியம்மாள் தினமும் ஸ்டாப்பில் வந்து நிற்கிறார். அனிதா இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீடுவரை நடந்து வருகிறார். எல்லோரும் இறங்கிய பிறகும், பஸ் போகும்வரை படியையே பார்க்கிறார். அவருக்குச் சோறே இறங்கவில்லை என்கிறார் அவர் வீட்டுக்காரர் ராமப்பன். ஜோதியம்மாளை யாரும் எங்கேயும் கூட்டிப் போகவில்லை. உங்கள் இடத்துக்கு வந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வைத்து நானே கூட்டி வருகிறேன். யார் என்று கேட்டால், எங்கள் வீட்டு மனுஷி என்று சொல்கிறேன்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
ருக்மணி நாராயணப்பன்